காளான் மருந்துக்கு மனு போட்டவள்

வெர்னா ஓலிக்கின் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘ஆன்மிகத் துணையாளர்’ என்று போட்டிருக்கும். எங்கள் வார்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. நர்ஸுகளுக்கு அவள் ‘பாதிரியம்மா’. அவள் பாதிரியும் இல்லை, சர்ச் பக்கம் போயும் வருஷக்கணக்காகிறது. கனடாவின் சஸ்காச்சுவான் குளிரில் பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். இப்போது சாகப்போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவள் வேலை.

நான் கெய்ல். அந்த வார்டின் குமாஸ்தா. ஃபோன் எடுப்பது, படுக்கை ஒதுக்குவது, ஃபேக்ஸ் அனுப்புவது என் பொறுப்பு. ஊர் உலகமெல்லாம் ஃபேக்ஸைத் தலைமுழுகிவிட்டது, மருத்துவத் துறை மட்டும் இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறது. என்னைப் பற்றி இங்கே சொல்லக் காரணம், நடந்த தப்பில் பாதி என்னுடையது. அதை மறைத்துக்கொண்டு மற்றவர்களைத் திட்டினால் நியாயமாக இருக்காது. திட்டத்தான் போகிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெர்னா இந்த வேலைக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். அவள் புருஷன் ஸ்டான் நாற்பத்தெட்டு வயதில் ஈரல் கெட்டுச் செத்துப்போனார். அப்போது மருத்துவமனையிலிருந்து ஆறுதல் சொல்ல வந்த மனிதர், “கடவுள் நல்லவங்களைச் சீக்கிரமே கூப்பிட்டுக்குவார்” என்றாராம். “அப்ப நீங்க தொண்ணூறு தாண்டிடுவீங்க” என்று வெர்னா சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த வருஷம் பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். தன் பிள்ளை வயதுக்காரர்களோடு உட்கார்ந்து படித்துத் தேறி, எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் வேலை பார்க்கும் விதம் வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனம் போலத்தான் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நோயாளி டிராக்டரைப் பற்றிப் பேசினால் டிராக்டர், மழையைப் பற்றிப் பேசினால் மழை. பேசாவிட்டால் பேச்சில்லை. நோயாளியின் வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது, அதுதான் அவளுடைய ஒரே கட்டுப்பாடு. கேட்டதை வெளியே சொல்லவும் மாட்டாள். நான் எத்தனையோ தடவை காப்பி வாங்கிக் கொடுத்துக் கறக்கப் பார்த்திருக்கிறேன், காப்பிதான் நஷ்டம்.

காளான் மருந்து அவள் வாழ்க்கையில் வந்தது ஒரு பள்ளி ஆசிரியையால். புற்றுநோய் முற்றிய அந்த அம்மாள் வார்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை. அவருடைய தங்கை வேறு மாகாணத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சிக்கு அவரைக் கூட்டிப்போனாள். ஒரு வகைக் காளானில் இருக்கும் சத்தை மாத்திரையாகக் கொடுப்பார்கள். ஆறு மணி நேரம் மனசு எங்கெங்கோ போய் வரும், பயிற்சி பெற்ற இரண்டு பேர் பக்கத்தை விட்டு நகராமல் இருப்பார்கள். திரும்பி வந்தபோது நோய் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் அந்த அம்மாள் இரண்டு முட்டை கேட்டுச் சாப்பிட்டார், நர்ஸின் தலைமுடியைக் கிண்டல் செய்தார். கடைசி இரண்டு மாதமும் அவர் அவராகவே இருந்தார்.

“எல்லாருக்கும் இப்படி ஆகாது. சில பேருக்கு ஒண்ணுமே ஆகாது, சில பேரு பயந்தும் போயிருக்காங்க. ஆனா கேக்கறவங்களுக்காவது கிடைக்கணும் இல்லையா, கெய்ல்?” என்றாள் வெர்னா. லீவு போட்டுவிட்டுப் போய் அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு வந்தாள். சாமான் போட்டு வைத்திருந்த ஆறாம் எண் அறையைக் கெஞ்சி வாங்கி, தானே வெள்ளையடித்தாள். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, கனமான திரை, பாட்டுப் பெட்டி. எல்லாம் தயார்.

இரண்டு வருஷம் அந்த அறை தயாராகவே இருந்தது. இந்த மருந்து வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மனு போட வேண்டும். வார்டு டாக்டர் எழுத வேண்டும், நகரத்தில் இருக்கும் மூன்று பேர் கொண்ட குழு சம்மதிக்க வேண்டும், அதற்கு மேலும் படிகள் உண்டு. வெர்னா ஐந்து மனு போட்டாள். இரண்டு பேர் பதில் வருவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருக்கு இதயம் தாங்காது என்றார்கள். ஒருவரின் மகன் வந்து, போதை மருந்தெல்லாம் எங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று கத்திவிட்டுப் போனான். ஐந்தாவது மனுவில் ஒரு தேதி விட்டுப்போயிருந்தது என்று தள்ளிவிட்டார்கள். கட்டடப் பராமரிப்பு பார்க்கும் லாய்டு, எப்படியும் சும்மாதானே கிடக்கிறது என்று கிறிஸ்துமஸ் மரத்தைக் கொண்டுபோய் அந்தக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டான். வெர்னா அதைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அவன் வண்டியின் மூக்கின் மேல் குறுக்காகப் போட்டுவிட்டு வந்தாள். நல்லதுதான் செய்தாள்.

கார்னி ஃபெர் ஜனவரியில் வந்தார். எழுபத்தொரு வயது, கோதுமை விவசாயி, மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். கணையத்தில் புற்று. சபையில் ஐம்பது வருஷம் அடிக்குரலில் பாடியவர். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், “அவ்வளவா ஒண்ணுமில்ல” என்பார். எங்கள் பக்கத்து ஆண்களுக்கெல்லாம் இந்தப் பதில் பிறவியிலேயே உண்டு, மெனோனைட் ஆண்களுக்கு அது இரட்டிப்பு. கை அறுந்து தொங்கினாலும் அவ்வளவாக ஒன்றுமில்லைதான். மனைவி டீனா தினமும் காலை பத்து மணிக்கு வீட்டில் சுட்ட பன்னோடு வந்து உட்காருவார்.

வெர்னா எட்டு நாள் அவரோடு விதையையும் உரத்தையும் பற்றிப் பேசினாள். ஒன்பதாம் நாள் டீனா வருவதற்கு முன்னால் கார்னி கேட்டாராம், “ஏம்மா, நீ பஸ் ஓட்டினவதானே?”

“ஆமா.”

“பனிப்புயல்ல ரோடே தெரியாம ஓட்டியிருக்கியா?”

“ஓட்டியிருக்கேன்.”

“அப்ப என்ன பண்ணுவே?”

“ஓரமா நிறுத்திடுவேன்.”

“எனக்கு நிறுத்த முடியலம்மா” என்று சொல்லி அவர் அழுதிருக்கிறார். “கண்ணை மூடினா அங்க யாருமே இல்ல. இத்தனை வருஷம் யாருக்காகப் பாடினேன்னே தெரியல. வேர்த்துக் கொட்டுது. டீனாவுக்குத் தெரியக் கூடாது. நான் நேரா மேல போயிடுவேன்னு அவ நம்பிக்கிட்டிருக்கா. அது ஒண்ணுதான் அவளுக்குப் பிடிமானம்.”

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ரொம்பப் பின்னால், டீனாவே சொல்லச் சொன்ன பிறகுதான் வெர்னா சொன்னாள். காளான் மருந்து என்று ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் மனு போடலாம் என்று அவள் சொன்னபோது கார்னி, “காளானா? எங்கம்மா சூப் வெப்பாங்க. அதைவிட மோசமா இருக்காது” என்றாராம். டீனாவிடம் மனசு லேசாக ஒரு மருந்து என்று மட்டும் சொன்னார்.

மனுவோடு ஒரு கேள்வித்தாள் உண்டு. நோயாளியே பதில் சொல்ல வேண்டும், வீட்டார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘இதை யாரும் தொடாதீங்க. நானே அவர்கிட்ட குடுக்கறேன்’ என்று வெர்னா மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தாள். திங்கட்கிழமை நண்பகலுக்குள் ஃபேக்ஸ் போக வேண்டும். பதினோரு மணிக்கு வெர்னா அடுத்த கட்டடத்தில் ஒருவருடைய சாவுப் படுக்கையருகே மாட்டிக்கொண்டாள். பதினொன்றரை ஆயிற்று. இந்த மனுவும் வீணாகப் போய்விடுமோ என்று எனக்குக் கை பரபரத்தது. மஞ்சள் சீட்டைக் கிழித்துவிட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கார்னியின் பக்கத்தில் டீனா உட்கார்ந்திருந்தார். டீனாவின் கைப்பையில் பேனா இருந்தது. எங்கள் ஊரில் படிவம் என்றால் பெண்டாட்டிதான் நிரப்புவாள். பயிர்க் காப்பீடாகட்டும், வரியாகட்டும், பிள்ளையை ஹாக்கியில் சேர்ப்பதாகட்டும், ஆண்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். அதனால் கொஞ்சமும் யோசிக்காமல் தாளை டீனாவிடம் நீட்டினேன்.

டீனா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார். “‘சாவை நினைச்சா எவ்வளவு பயம்? பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும்.’ என்ன கேள்வி இது! இதையெல்லாமா கேப்பாங்க?”

கார்னி ஜன்னலைப் பார்த்தார். “அவ்வளவா ஒண்ணுமில்ல.”

“பூஜ்யம் போடவா?”

“பூஜ்யம்னா பெருமையடிக்கற மாதிரி இருக்கும். ரெண்டு போடு.”

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் இரண்டு, ஒன்று என்றே பதில் விழுந்தது. பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பிவிட்டு, பெரிய சாதனை செய்தவள் போல வெர்னாவுக்காகக் காத்திருந்தேன்.

அவள் வந்து நகலைப் பார்த்தாள். “யாரு பேனா பிடிச்சது?”

“டீனாதான். வேற யாரு?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் குப்பைக் கூடையை ஓங்கி உதைத்தாள். “நாப்பத்தெட்டு வருஷமா கூட வாழறவகிட்ட பேனாவைக் குடுத்துட்டு, பயமா இருக்கான்னு கேட்டிருக்கே! நீ இந்த ஊர்லதானேடி பொறந்தே?”

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. தகுதி பெறும் அளவுக்கு மனத்துயரம் இல்லை, முப்பது நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இரண்டே வரி. வார்டு டாக்டர் கார்னிக்குக் கொடுத்திருந்த கெடு மூன்று வாரம். வெர்னா என் மேஜையிலிருந்தே குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கு ஃபோன் போட்டாள். அன்று மட்டும் ஆறு தடவை போட்டாள். கடைசியில், தவறாக நிரப்பப்பட்டது என்று நோயாளியே சொன்னால் புதுத் தாளை ஏற்கலாம், ஆனால் முன்பு போட்ட அதே சாட்சி கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

அதே சாட்சி என்றால் டீனா. எந்த மனுஷிக்குத் தெரியக் கூடாது என்று கார்னி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாரோ, அதே மனுஷி அந்த எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெர்னா இதை கார்னியிடம் அப்படியே சொன்னாள். டீனாவிடம் சொல்லு என்றோ சொல்லாதே என்றோ அவள் வாயைத் திறக்கவில்லை. அது அவளைத் தின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சாண்ட்விச்சைப் பிரித்துவைத்து அதையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்தை நீ டீனாகிட்ட சொல்லிட்டா முடிஞ்சு போச்சு” என்றேன்.

“சொல்லிட்டா அப்புறம் எந்த நோயாளி என்கிட்ட வாயைத் தொறப்பான்? நீ உன் ஃபேக்ஸைப் பாரு, போ.”

இரண்டாம் நாள் பிற்பகல் கார்னியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அரை மணி நேரம் கழித்து டீனா கோட்டை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க, அதைச் சூடாக்கும் வயரை எல்லோரும் மின்கம்பத்தில் சொருகிவைத்திருப்போம். டீனா அதைக் கழற்றாமலே காரைக் கிளப்பிவிட்டார். வயர் பிய்ந்து, பனியில் வால் போல இழுபட்டுக்கொண்டே போனது. தப்பித் தவறி எங்கேயாவது பள்ளத்தில் இறக்கிவிடுவாரோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். வயரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார், கண் இரண்டும் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

“பேனா குடு.”

“உங்க பேனா…”

“உன் பேனாவைக் குடு.”

புதுத் தாளில் ஒன்பது என்று கார்னியே கோணல்மாணலாக எழுதியிருந்தார். டீனா கையெழுத்துப் போட்டுவிட்டு, “பத்து போடுங்கன்னு சொன்னேன். ரொம்ப அலட்டற மாதிரி இருக்கும்கறார்” என்றார். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

அன்றிலிருந்து டீனா பத்து மணிக்கு வருவதை விட்டுவிட்டு ஏழு மணிக்கே வந்தார். கார்னியின் அறையில் முதல் தடவையாகச் சண்டைச் சத்தம் கேட்டது. “என்கிட்ட மறைச்சீங்களே, நான் யாரு, அடுத்த வீட்டுக்காரியா?” என்று டீனா கேட்பது தாழ்வாரம் வரை வந்தது. எனக்கு அது நல்ல சத்தமாகத்தான் பட்டது.

நான்காம் நாள் குழுவின் பதில் வந்தது. படித்தவுடன் ஃபேக்ஸ் இயந்திரத்தைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று தோன்றியது. பன்னிரண்டு நாளில் பயம் இரண்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறியிருக்கிறதாம். இது திடீர் மாற்றம், மனநிலை நிலையாக இல்லை என்பதற்கு அறிகுறி, எனவே மனநல மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும். கிடைக்கும் முதல் தேதி இருபது நாள் கழித்து.

வெர்னா ஃபோனை எடுத்தாள். “ரெண்டுன்னா கஷ்டம் பத்தாது. ஒன்பதுன்னா கஷ்டம் ஜாஸ்தி. எந்த நம்பர் உங்களுக்குச் சரியா வரும்னு சொல்லிடுங்க, அதையே எழுதித் தரோம்.”

அந்தப் பக்கம் இருந்த பெண் ஏதோ சாந்தமாகச் சொன்னாள். இவ்வளவு சாந்தமாகப் பேச எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ.

“நோயாளியோட பாதுகாப்பா? அந்த மனுஷன் சாகப்போறாரும்மா! எதுலேர்ந்து பாதுகாக்கப் போறீங்க? மொதல் தாளை யாரு எப்படி நிரப்பினாங்கன்னு நான் எழுதி அனுப்பிச்சேனே, படிச்சீங்களா?… விளக்கம் எழுதின கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாதா? சரி. ரொம்ப சரி.”

ஃபோனை வைத்துவிட்டு நெற்றியை மேஜையில் முட்டிக்கொண்டாள். “நான் பஸ்ஸுக்கே போயிடறேன் கெய்ல். அங்க ரோடு மூடியிருந்தா பலகை வெச்சிருப்பான். மூடியிருக்குன்னு தெரியும். இங்க தொறந்திருக்கு தொறந்திருக்குன்னு சொல்லியே ஆளைக் கொல்றாங்க.” முதல் தாளைக் கொடுத்தவள் நான்.

கார்னி ஆறாம் எண் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். கட்டிலில் படுத்துச் சுற்றிலும் பார்த்தார். “நீயா வெள்ளையடிச்சே? அந்த மூலையை விட்டுட்டியே” என்றார். வெர்னா பாட்டு போட்டாள், டீனா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, சும்மா ஒரு மணி நேரம். போகும்போது கார்னி, “நல்ல ரூம்மா. இன்னொருத்தருக்காவது ஆகட்டும்” என்றார். வெர்னா கதவைப் பூட்டிவிட்டுக் கழிப்பறைக்குள் போய் ரொம்ப நேரம் வரவில்லை.

அடுத்த செவ்வாய் பட்டப்பகலில், டீனா கீழே சூப் குடிக்கப் போயிருந்த நேரத்தில் கார்னி போனார். வெர்னா கூட இருந்தாள். டாக்டர் டீனாவிடம், அமைதியாகப் போய்விட்டார் என்றார். பாஸ்டரும் அதையே சொன்னார். சபைப் பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு அதையே சொன்னார்களாம்.

அடக்கம் முடிந்த மறுவாரம் டீனா அவருடைய செருப்பையும் போர்வையையும் வாங்கிப்போக வந்தார். என் மேஜை முன்னால் வெர்னாவை நிறுத்தினார்.

“நீதானே கூட இருந்தே. எல்லாரும் அமைதியா போனார்ங்கறாங்க. நீ சொல்லு.”

வெர்னா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “இல்ல டீனா. பயந்தார். உங்களைக் கூப்பிட்டார். நர்ஸை ஓடவிட்டேன், அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

இந்தப் பாதகத்தி ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் அந்த நொடி நினைத்தேன்.

டீனா நாற்காலியில் உட்கார்ந்தார். “கையைப் பிடிச்சிருந்தியா?” என்று கேட்டார்.

“ரெண்டு கையையும்.”

“சரி.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “புகார் எப்படி எழுதறது? எங்க வீட்டுல யாரும் எழுதினதில்ல.”

படிவம் இருக்கிறது என்றேன். “படிவம் வேண்டாம். வெறுந்தாள் குடு” என்றார். அங்கேயே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். குழுவிடமிருந்து இன்று வரை பதில் இல்லை. வெர்னா பஸ்ஸுக்குப் போகவில்லை, அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறாள். டீனாவின் கடிதத்தை ஃபேக்ஸில் வைக்கும்போது முதல் வரி கண்ணில் பட்டது.

‘என் கணவர் கார்னீலியஸ் ஃபெர் சாகப் பயந்தார், அதை என்னிடம் சொல்ல அவருக்கு நாற்பத்தெட்டு வருஷம் ஆயிற்று, உங்களிடம் பன்னிரண்டே நாளில் சொன்னார், நீங்கள் நம்பவில்லை.’